மாநாட்டுக்கு நடுவே தில்லி: அன்றும் இன்றும்

ஒரே ஒரு மாநாட்டுக்காகத் தில்லி இரண்டு பெரிய கட்டடங்களைக் கட்டிக்கொண்டது. 1956 நவம்பரில் யுனெஸ்கோவின் ஒன்பதாவது பொது மாநாட்டை இங்கே நடத்துவதென்று முடிவானது. அத்தனை நாட்டுப் பிரதிநிதிகளும் உட்கார அரங்கம் வேண்டும், தங்க ஓட்டல் வேண்டும். மௌலானா ஆசாத் சாலையில் விஞ்ஞான் பவன் எழும்பியது. சாணக்கியபுரியில் அசோகா ஓட்டல் எழும்பியது. அஜந்தா குகைமுகப்பை நினைவூட்டும் வளைவு வாசலோடு விஞ்ஞான் பவன் இன்றும் நிற்கிறது. அணிசேரா நாடுகள், காமன்வெல்த் தலைவர்கள், மருத்துவர்கள், பொறியாளர்கள், பொருளாதாரப் பேராசிரியர்கள் என்று தலைமுறை தலைமுறையாக அந்த வாசலில் நுழைந்து, அடையாள அட்டையும் ரெக்ஸின் பையும் வாங்கிக்கொண்டார்கள்.

67 ஆண்டுகள் கழித்து, இன்னொரு மாநாட்டுக்காகத் தில்லி மறுபடியும் தயாரானது. பிரகதி மைதானத்தில் 2023 ஜூலையில் பாரத் மண்டபம் திறக்கப்பட்டது. செப்டம்பரில் ஜி20 தலைவர்கள் அங்கே கூடினார்கள்.

இந்த இரண்டு கட்டடங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் எத்தனையோ கட்டுரைகள் வாசிக்கப்பட்டன, தீர்மானங்கள் நிறைவேறின. அவற்றை நினைவு வைத்திருப்பவர்கள் குறைவு. மாநாட்டுக்குப் போன யாரிடமும் கேளுங்கள்: இரண்டாம் அமர்வில் யார் என்ன பேசினார் என்பது மறந்திருக்கும், இந்தியா கேட் புல்வெளியில் தின்ற ஐஸ்கிரீம் மறந்திருக்காது. மாநாட்டின் நடுவே கிடைத்த ஓய்வு நேரத்தில் தலைநகரைப் பார்த்தவர்களின் கதை தனிக்கதை. சென்னை, மதுரை, கோவைக் கல்லூரிகளிலிருந்து போய்வந்த எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் கதை நன்றாகவே தெரியும்.

ரயில் கொடுத்த ஓய்வு

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தில்லி மாநாட்டுக்குக் கிளம்புவதே ஒரு வாரத்து வேலை. மாநாட்டுக் காலம் பெரும்பாலும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. சென்னைக்காரனிடம் ஸ்வெட்டர் ஏது? ஏற்கெனவே வடக்கே போய்வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் ஸ்வெட்டரும், மாமாவிடம் மப்ளரும், யாரிடமோ குரங்குக் குல்லாவும் இரவல் வாங்கியாக வேண்டும். ஹோல்டாலில் போர்வையைச் சுருட்டிக் கட்டி, புளிச்சாதமும் தயிர்ச்சாதமும் எடுத்துக்கொண்டு சென்ட்ரலுக்குப் போக வேண்டும். ஜி.டி. எக்ஸ்பிரஸ் பழைய வண்டி. 1976-இல் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் வந்தபோது அது விரைவின் உச்சமாகத் தெரிந்தது. அதிலும்கூட இரண்டு இரவும் ஒரு பகலும் ஆகும்.

ரயில் தாமதமாகலாம் என்பதால் ஒருநாள் முன்னதாகவே போய்ச் சேருவோம். திரும்பும் டிக்கெட் மாநாடு முடிந்த மறுநாளுக்குக் கிடைக்காது. அதற்கடுத்த நாளுக்குத்தான் கிடைக்கும். கரோல் பாக்கில் சித்தப்பா வீடோ, தெரிந்தவர் வீடோ இருந்தால் இன்னும் ஒருநாள் கூடும். ஆக, தில்லியைப் பார்க்கக் கிடைத்த நாட்களை மாநாடு தரவில்லை, ரயில்தான் தந்தது. பயணம் மெதுவாக இருந்ததால் ஊரில் தங்கும் காலமும் தாராளமாக இருந்தது.

இன்று காலை ஆறு மணி விமானம் ஏறினால் ஒன்பது மணிக்குள் தில்லி. 2011-இல் தொடங்கிய விமான நிலைய மெட்ரோவில் உட்கார்ந்தால் இருபது நிமிடத்தில் புது தில்லி ரயில் நிலையம். தொடக்க விழாவுக்கே போய்விடலாம். மறுநாள் மாலை நிறைவு விழாவில் பொன்னாடை போர்த்தும்போது கைப்பெட்டி நாற்காலிக்குப் பக்கத்தில் தயாராக நிற்கும், இரவு விமானம். கல்லூரி கொடுக்கும் ‘ஓ.டி.’ (ஆன் டியூட்டி) அனுமதியும் மாநாட்டு நாட்களுக்கு மட்டும்தான்; பயண நாள் என்று தனியாக எதுவும் இல்லை, ஏனென்றால் பயணத்துக்கு நாள் தேவைப்படுவதில்லை. மிச்சப்பட்ட நேரமெல்லாம் ஊர் பார்க்கக் கிடைத்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு: பயணம் சுருங்கியபோது தங்கலும் சேர்ந்து சுருங்கிவிட்டது.

நிகழ்ச்சி நிரலில் ஒரு மதியம்

அன்றைய மாநாட்டு அழைப்பிதழ்களில் மூன்றாம் நாளுக்கு எதிரே ஒரு வரி இருக்கும்: ‘பிற்பகல் 2 மணி: ஊர் சுற்றிப் பார்த்தல்’. அதற்கென்று பேருந்து வரும். கட்டுரை வாசிக்கும் முறை தனக்கு மதியம் வந்துவிடக் கூடாதே என்று எல்லோரும் வேண்டிக்கொள்வார்கள். சாப்பாடு முடிந்ததும் பெரிய விஞ்ஞானிகள்கூட ஜன்னலோர இருக்கைக்கு முந்துவார்கள்.

வழி மாறவே மாறாது. பிர்லா மந்திர், குடியரசுத் தலைவர் மாளிகை வெளியிலிருந்து, இந்தியா கேட், ஹுமாயூன் கல்லறை, குதுப் மினார். அடுத்த நாளும் பேருந்து உண்டு என்றால் செங்கோட்டை, ஜும்மா மசூதி, ராஜ்காட். வழிகாட்டி மைக்கில் ஆங்கிலமும் இந்தியும் கலந்து சொல்வதில் பாதி, இன்ஜின் சத்தத்தில் போய்விடும். ஒவ்வோர் இடத்திலும் இருபது நிமிடம். இறங்கி, குழுவாக நின்று போட்டோ எடுத்து, தலையெண்ணி ஏறுவது. பிலிம் சுருளில் 36 படம்தான்; ஒவ்வொன்றையும் யோசித்து எடுக்க வேண்டும்.

மனைவியோடு வந்தவர்களுக்கு இன்னொரு ஏற்பாடு. ‘உடன் வந்தோர் நிகழ்ச்சி’ என்று அச்சிட்டிருக்கும். கணவர்கள் அரங்கில் இருக்கும் நேரத்தில் பெண்களைத் தனிப் பேருந்தில் அழைத்துப் போவார்கள். கணவருக்குத் தில்லி என்றால் விஞ்ஞான் பவன். மனைவிக்கு ஜன்பத்தின் காட்டேஜ் எம்போரியம், பாபா கரக் சிங் மார்க்கில் வரிசையாக நிற்கும் மாநில எம்போரியங்கள், அவற்றில் நம் பூம்புகார், கோயில்கள், தோட்டங்கள். ரயிலில் திரும்பி வரும்போது ஊரை விவரித்தவர்கள் அந்தப் பெண்கள்தான்.

அந்தப் பேருந்து இன்று பெரும்பாலும் வருவதில்லை. பல மாநாடுகள் இரண்டு நாளாகச் சுருங்கிவிட்டன. ஒரே நேரத்தில் நான்கைந்து அரங்குகளில் அமர்வுகள் நடக்கின்றன. அன்று உடன் வந்தவர் என்ற பட்டியலில் இருந்த பெண் இன்று மேடையில் கட்டுரை வாசிக்கிறார். அது நல்ல மாற்றம். ஆனால் அந்த மதியம் அவருக்கும் இல்லாமல் போயிற்று. ஊர் பார்க்க நினைப்பவர், சாப்பாட்டுக்குப் பிந்திய அமர்வில் விளக்கு அணைந்து படக்காட்சி தொடங்கியதும் பின் கதவு வழியாக நழுவ வேண்டியிருக்கிறது. அன்று அதிகாரபூர்வமாகக் கிடைத்த ஒன்றை இன்று திருட்டுத்தனமாக எடுத்துக்கொள்கிறோம்.

நழுவியவருக்கு ஊர் கைகொடுக்கிறது

நழுவி வெளியே வந்தவருக்கு இன்றைய தில்லி செய்யும் உபகாரம் பெரிது. அன்று விஞ்ஞான் பவனைவிட்டு வெளியே வந்தால் முதல் சோதனை ஆட்டோ. மீட்டர் ஓடாது, ஓடினாலும் சுற்றி ஓடும். நமக்குத் தெரிந்த இந்தி ‘கித்னா?’ வரையில். அவர் சொல்லும் தொகை காதில் விழும், புரியாது. டி.டி.சி. பேருந்தில் ஏறினால் பலகை இந்தியில். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் எழுத்தறியாதவர்களாக நிற்கும் ஊர் அது. தனியாக வந்த பெண் பேராசிரியர் என்றால், சக ஆசிரியர் யாராவது துணைக்கு வராவிட்டால் விடுதி அறையோடு சரி.

2002 டிசம்பரில் ஷாதராவுக்கும் தீஸ் ஹசாரிக்கும் இடையே மெட்ரோ ஓடத் தொடங்கியது. பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் குறித்த நாளுக்குள் வேலை முடியும் என்ற புதுப் பழக்கம் தலைநகருக்கு வந்தது. இன்று அந்த வலைப்பின்னல் 390 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. விஞ்ஞான் பவனிலிருந்து நடக்கும் தூரத்தில் உத்யோக் பவன் நிலையம். கைபேசியில் கியூ.ஆர். டிக்கெட். யாரிடமும் வழி கேட்க வேண்டாம், பேரம் பேச வேண்டாம். 2010 அக்டோபர் முதல் ஒவ்வொரு ரயிலிலும் முதல் பெட்டி பெண்களுக்கு. இந்த ஊரில் பெண்களின் பாதுகாப்புப் பற்றிய கவலை தீர்ந்துவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பகல் நேரத்தில் தனியாகக் கிளம்பிப் போய்த் தனியாகத் திரும்பும் பெண் டெலிகேட் இன்று சாதாரணக் காட்சி. அன்றைய பேருந்து எத்தனை நல்ல நினைவானாலும், இந்தச் சுதந்திரம் அதில் இல்லை.

உத்யோக் பவனில் மஞ்சள் வழித்தடத்தில் தெற்கே ஏறுங்கள். இரண்டாவது நிறுத்தம் ஜோர் பாக்: இறங்கினால் ஒருபுறம் சஃப்தர்ஜங் கல்லறை, சற்றுத் தள்ளி லோதி தோட்டம். அடுத்தது ஐ.என்.ஏ.: வாசலிலேயே தில்லி ஹாட். இறங்காமல் உட்கார்ந்திருந்தால் ஒன்பதாவது நிறுத்தம் குதுப் மினார். சாகேத் வரை பூமிக்கடியில் போன ரயில், அதைத் தாண்டியதும் வெளிச்சத்துக்கு ஏறி மேம்பாலத்தில் நிற்கும். அரை மணி நேரம்கூட ஆகாது. நிலையத்திலிருந்து கோபுரத்துக்கு ஆட்டோ பிடித்தால் சில நிமிடம். ஒரு அமர்வைத் தியாகம் செய்தால் ஒரு நினைவுச் சின்னம், கணக்கு அவ்வளவுதான்.

இரும்புத் தூணுக்கு எதிரே

போவது இவ்வளவு எளிதாகிவிட்டது. போய்ச் சேர்ந்தபின் நெருங்குவது அப்படியில்லை. குதுப் வளாகத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

எழுபதுகளில் போனவர்கள் 73 மீட்டர் கோபுரத்துக்குள் ஏறியிருப்பார்கள். மேல்தளங்கள் மூடப்பட்டிருந்தாலும் முதல் உப்பரிகை வரை விட்டார்கள். 1981 டிசம்பர் 4 அன்று படிக்கட்டில் மின்விளக்கு அணைந்து, இருட்டில் நெரிசல் ஏற்பட்டு 45 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் பள்ளிப் பிள்ளைகள். அன்று மூடிய கதவு பொதுமக்களுக்காகத் திறக்கவில்லை.

நாங்கள் போன காலத்தில் கோபுரம் மூடிவிட்டது. ஆனால் இரும்புத் தூண் இருந்தது. பேருந்திலிருந்து இறங்கியதும் கூட்டம் நேரே அங்கேதான் ஓடும். முதுகைத் தூணில் ஒட்டி நின்று, கைகளைப் பின்னால் வளைத்து, விரல்கள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் நினைத்தது நடக்கும் என்பது நம்பிக்கை. அறிவியல் மாநாட்டுக்கு வந்தவர்கள், காலையில் புள்ளிவிவரத்தோடு சண்டை போட்டவர்கள், மாலையில் வரிசையில் நின்று தூணைக் கட்டிப்பிடிப்பார்கள். நெடிய மனிதருக்கு விரல் எட்டிவிடும். குட்டைக்காரருக்கு இரண்டு நண்பர்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுப்பார்கள். எட்டினாலும் எட்டாவிட்டாலும் சிரிப்பு உறுதி. குளிர்காலத்தில் அந்த இரும்பு சட்டையை ஊடுருவி முதுகில் ஏறும். ஆயிரத்து அறுநூறு ஆண்டாகத் துருப்பிடிக்காத உலோகத்தை முதுகால் அறிந்த தலைமுறை அது.

1997-இல் தூணைச் சுற்றி வேலி வந்தது. வேலிக்கு வெளியே நின்று பார்த்தாலே காரணம் தெரியும்: ஆள் உயரத்துக்கு ஒரு பட்டை, மற்ற பகுதியிலிருந்து நிறம் மாறி, தேய்த்து மினுக்கியது போலத் தனியாகத் தெரிகிறது. அத்தனை முதுகுகளும் கைகளும் செய்த வேலை. ஐ.ஐ.டி. கான்பூர் உலோகவியலாளர் ஆர். பாலசுப்ரமணியம் இந்தத் தூணைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். இரும்பில் பாஸ்பரஸ் கூடுதலாக இருப்பதால் மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலம் ஒன்று உருவாகித் துருவைத் தடுக்கிறது என்று விளக்கினார். காற்றும் மழையும் சேர்ந்து பல நூற்றாண்டாக வளர்த்த அந்தப் படலத்தைத்தான் நாங்கள் மாநாடு மாநாடாகத் தேய்த்துக்கொண்டிருந்தோம். வேலி வேண்டாம் என்று சொல்ல வாய் வராது.

ஆனால் இன்றைய டெலிகேட் தூணுக்கு எதிரே நிற்கும் நேரத்தைப் பாருங்கள். கைபேசியை நீட்டுகிறார், தூணும் தானும் ஒன்றாகத் தெரியும்படி ஒரு படம், அடுத்து கோபுரம். தொடுவதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் நிற்பதற்கும் காரணம் குறைந்துவிடுகிறது.

மூடியதும் திறந்ததும்

எல்லாக் கதவும் மூடிவிட்டது என்று புலம்புவது பழையவர்களுக்குச் சுலபம்; உண்மை அப்படியில்லை. செங்கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று லாகூர் வாசல் வழியாக நுழைந்து, மீனா பஜாரின் கடைகளைத் தாண்டி, திவானி ஆமும் திவானி காஸும் பார்த்துவிட்டுத் திரும்புவோம். மிச்ச இடமெல்லாம் ராணுவத்தின் கையில்; மரத்தடியில் துப்பாக்கியோடு சிப்பாய் நிற்பார். 2003 கடைசியில்தான் ராணுவம் கோட்டையைத் தொல்லியல் துறையிடம் ஒப்படைத்தது. ஆங்கிலேயர் கட்டிய பாசறைகள் 2019-இல் அருங்காட்சியகங்களாகின. அவற்றில் ஒன்று நேதாஜிக்கும் இந்திய தேசிய ராணுவத்துக்கும். மலேயா, சிங்கப்பூரின் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிலிருந்து எத்தனையோ தமிழர்கள் அந்தப் படையில் சேர்ந்தார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு, அது கால் வலித்தாலும் விடக் கூடாத இடம்.

குடியரசுத் தலைவர் மாளிகையும் அப்படியே. பேருந்திலிருந்து கம்பிக் கதவைப் பார்த்துத் திருப்திப்பட்ட காலம் ஒன்று. பிப்ரவரியில் மாநாடு வைத்தவர்களுக்கு மட்டும் முகலாயத் தோட்டம் கிடைத்தது. இன்று இணையத்தில் முன்பதிவு செய்து, அடையாள அட்டை காட்டினால் மாளிகையின் மண்டபங்களுக்குள்ளேயே அழைத்துப் போகிறார்கள். தோட்டத்தின் பெயர் 2023 முதல் அம்ரித் உத்யான். ஆனால் முன்பதிவு என்பது திட்டமிட்டவர்களுக்கான வசதி. மதிய அமர்வு சலிப்பாக இருக்கிறது, சும்மா போய்ப் பார்ப்போம் என்று கிளம்புகிறவருக்கு அந்தக் கதவு அன்றுபோலவே மூடியிருக்கிறது.

ஹுமாயூன் கல்லறையின் மாற்றம் எல்லாவற்றிலும் பெரிது. எண்பதுகளில் அதைப் பார்த்தவர்களுக்கு வறண்ட புல்லும் காய்ந்த வாய்க்காலும் நினைவிருக்கும். 1993-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. ஆகா கான் அறக்கட்டளையும் தொல்லியல் துறையும் முதலில் தோட்டத்தைச் சீர்படுத்தின; அடுத்துக் கல்லறையையே எடுத்துக்கொண்டன. இருபதாம் நூற்றாண்டில் கூரைமேல் அடுக்கடுக்காகப் போட்டிருந்த பத்து லட்சம் கிலோ கான்கிரீட்டைச் சுரண்டி எடுத்து, கல்தச்சர்களைக் கொண்டு பழைய முறையிலேயே பழுதுபார்த்து 2013-இல் முடித்தார்கள். பக்கத்தில் புதர் மண்டிக் கிடந்த சுந்தர் நர்சரி 2018-இல் தொண்ணூறு ஏக்கர் பூங்காவாகத் திறந்தது. அன்று இருபது நிமிடம் போதும் என்று தோன்றிய இடத்தில் இன்று ஒரு மாலை முழுதும் உட்காரலாம்.

ராஜபாதையில் மாலை

மாநாட்டுக்காரர்களின் சொந்த இடம் என்று ஒன்று இருந்ததென்றால் அது இந்தியா கேட் புல்வெளி. விஞ்ஞான் பவனிலிருந்து நடந்தே வந்துவிடலாம். இரவுச் சாப்பாடு முடிந்ததும் கும்பலாகக் கிளம்புவோம். கட்டணம் இல்லை, நேர வரம்பு இல்லை, சோதனை இல்லை. ஐஸ்கிரீம் வண்டிகள், பலூன்காரர்கள், வறுத்த கடலை. தில்லிக் குடும்பங்கள் பாயும் டிபன் கேரியருமாக வந்து உட்கார்ந்திருக்கும். 1972 முதல் எரிந்துவந்த அமர் ஜவான் ஜோதியின் முன் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் புல்லில் சாய்ந்தால், மாநாட்டின் உண்மையான விவாதம் அங்கேதான் தொடங்கும். மேடையில் சொல்ல முடியாததையெல்லாம் மூத்தவர்கள் அந்தப் புல்லில் சொல்லுவார்கள். எதிரே ஒரு வெற்று மண்டபம்: ஐந்தாம் ஜார்ஜின் சிலையை 1968-இல் எடுத்துவிட்டார்கள், பதிலுக்கு யாரை வைப்பது என்று அரை நூற்றாண்டாக முடிவாகவில்லை. யாரை வைக்கலாம் என்று விவாதிக்கும் உரிமை ஒவ்வொரு மாநாட்டுக் கும்பலுக்கும் இருந்தது.

அந்த இடத்தில் 2022 செப்டம்பரில் நேதாஜி வந்துவிட்டார்; கருங்கல்லில் 28 அடி. அதே நாளில், புல்வெளிகளுக்கு நடுவே ஓடும் ராஜபாதை கர்த்தவ்யா பாதை ஆயிற்று. ஜோதியை அதே ஆண்டு ஜனவரியில், பக்கத்தில் 2019-இல் திறந்த தேசியப் போர் நினைவகத்தின் ஜோதியோடு சேர்த்துவிட்டார்கள். நடைபாதை அகலமாகியிருக்கிறது. சாலையைக் கடக்கச் சுரங்கப் பாதை, வாய்க்கால்மேல் சிறு பாலங்கள், சுத்தமான கழிப்பறை. அன்று இவை எதுவும் இல்லாமல் பெண்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. விற்பனைக்கு ஒதுக்கிய இடத்தில் மட்டும் விற்பனை. காவலரின் விசில் அடிக்கடி கேட்கிறது. மேற்கே புதிய நாடாளுமன்றம், அதில் 2023 முதல் செங்கோல். 2001 டிசம்பர் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பின் அந்தப் பக்கம் தடுப்புகள் கூடிக்கொண்டே போகின்றன. இடம் முன்னைவிட அழகு, முன்னைவிட வசதி. ஆனால் சாயும் இடமாக இருந்தது நடக்கும் இடமாகியிருக்கிறது.

நவம்பரில் போனால் நடப்பதும் கஷ்டம். அன்று புகை கண்ணுக்குத் தெரிந்தது: டீசல் பேருந்தின் பின்னால் கறுப்பாகக் கிளம்பும், சட்டைக் காலரில் படியும். உச்ச நீதிமன்ற உத்தரவால் 2002 இறுதிக்குள் பேருந்துகள் எல்லாம் சி.என்.ஜி.க்கு மாறின, அந்தக் கறுப்பு போயிற்று. வண்டிகள் பெருகின, சுற்றுப்புற மாநிலங்களின் வைக்கோல் புகையும் கட்டுமானத் தூசியும் சேர்ந்தன. குடியரசுத் தலைவர் மாளிகை இருக்கும் ரைசினா குன்றில் நின்றால் இந்தியா கேட் தெரியாத நாட்கள் உண்டு. அன்று இரவல் ஸ்வெட்டரோடு போனோம். இன்று முகக்கவசத்தோடு போகிறோம். காற்றுத் தரக் குறியீட்டைப் பார்த்துவிட்டு வெளியே போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார்கள் இளைஞர்கள்.

தோசையும் பேரமும்

மூன்றாம் நாள் எப்படியும் நாக்கு செத்துப்போகும். அன்று கன்னாட் பிளேசின் ‘மெட்ராஸ் ஹோட்டல்’ அடைக்கலம்; ஓட்டல் மூடிய பின்னும் அந்தப் பெயர் பேருந்து நிறுத்தத்தில் நிலைத்துவிட்டது. அதைவிட்டால் கரோல் பாக் மெஸ்கள், ராமகிருஷ்ணபுரத்தில் மலை மந்திர் முருகனைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்துச் சாப்பாடு. இன்று ஜன்பத்தில் சரவண பவன் வாசலில் வரிசையில் நிற்பவர்களில் தமிழர்களைத் தேட வேண்டியிருக்கிறது. தில்லிக்காரர்களே இட்லி வடையைத் தங்கள் ஞாயிற்றுக்கிழமை உணவாக்கிக்கொண்டுவிட்டார்கள்.

நிலத்தடிச் சந்தையான பாலிகா பஜாரில் இறங்கி, முந்நூறு சொன்னதை எண்பதுக்குக் கேட்டு, நூறுக்கு வாங்கி, மேலே வந்ததும் இன்னொருவர் அதையே அறுபதுக்கு வாங்கியது தெரிந்து முகம் தொங்கிப்போவது அன்றைய சடங்கு. கரோல் பாக்கில் கம்பளி, ரஜாய், குழந்தைகளுக்கு ஸ்வெட்டர். ரயிலில் எடை பார்ப்பவர் இல்லை. இன்று அவையெல்லாம் வீட்டு வாசலுக்கே வருகின்றன. விமானத்திலோ பதினைந்து கிலோவுக்கு மேல் போனால் அபராதம். ஊருக்குப் போனவர் கையில் என்ன வந்தது என்று வீட்டில் யாரும் ஆவலாகப் பையைத் திறப்பதில்லை.

சாந்தினி சவுக் மட்டும் இன்றும் நேரில் போய்த்தான் ஆக வேண்டிய இடம். 2017-இல் திறந்த பாரம்பரிய வழித்தடம் ஜும்மா மசூதி, லால் கிலா நிலையங்களில் நேரே கோட்டைக்கு எதிரே இறக்கிவிடுகிறது. அன்று மிதிவண்டி ரிக்‌ஷா, டெம்போ, கைவண்டி, மாடு எல்லாவற்றோடும் மோதிக்கொண்டு நடந்த பெரிய தெருவில், 2021 முதல் பகலில் மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லை. கோட்டையிலிருந்து ஃபதேபுரி மசூதிவரை ஒன்றே கால் கிலோமீட்டர் அளவு. செங்கல் நிற நடைபாதையில் கூட்டம் இருக்கிறது, இடிப்பு குறைந்திருக்கிறது. பராத்தா வாலி கலிக்குள் நுழைந்ததும் பழைய தில்லிதான்: இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் கடைக்குள் ஒதுங்க வேண்டும்.

ஆக்ராவுக்கு ஒரு நாள்

தில்லி மாநாடு என்றால் ஆக்ரா சேர்த்தி. அன்று விடியற்காலைப் பேருந்தில் கிளம்பி, மதுரா சாலையில் குலுங்கி, சிக்கந்தரா, தாஜ், ஆக்ரா கோட்டை, முடிந்தால் பிருந்தாவனம் என்று சுற்றி நள்ளிரவுக்கு மேல் அறைக்கு வருவோம். மறுநாள் காலை அமர்வில் பாதி நாற்காலி காலி. இன்று யமுனா விரைவுச்சாலை 165 கிலோமீட்டர். அல்லது நிஜாமுதீனிலிருந்து கதிமான் எக்ஸ்பிரஸ், ஒன்றேமுக்கால் மணி நேரத்துக்குள் ஆக்ரா. மாலைக்குள் திரும்பிவிடலாம். வெள்ளிக்கிழமை மட்டும் தாஜ் மூடியிருக்கும். வெள்ளிக்கிழமை ஓய்வு விட்ட மாநாட்டு அமைப்பாளர் திட்டு வாங்குகிறார்.

மண்டபத்துக்குள்ளேயே ஒரு ஊர்

பாரத் மண்டபம் இந்தக் கதையில் புதுத் திருப்பம். பிரகதி மைதானம் 1972-இல் வணிகக் கண்காட்சிக்காக உருவானது. ராஜ் ரேவால் வடிவமைத்து, மகேந்திர ராஜ் கட்டமைப்புக் கணக்குப் போட்ட ஹால் ஆஃப் நேஷன்ஸ் அங்கே கூம்பு கூம்பாக நின்றது. கட்டடக்கலை மாணவர்கள் அதைப் பார்க்கவே தில்லிக்கு வருவார்கள். 2017 ஏப்ரலில் ஓர் இரவில் அதை இடித்துவிட்டார்கள். இப்போது அந்த வளாகத்தில் மேல்தள அரங்குகளில் மட்டும் ஏழாயிரம் பேர் உட்காரலாம். விஞ்ஞான் பவனின் பெரிய அரங்கில் ஆயிரத்துச் சொச்சம்தான்.

வாசலில் சுவாமிமலை ஸ்தபதிகள் வார்த்த நடராஜர், 27 அடி, 18 டன், அஷ்டதாது. காவிரி வண்டலில் அச்செடுத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி வார்க்கும் சோழர் கால முறையில் செய்தது. சாப்பாட்டு இடைவேளையில் டெலிகேட்டுகள் அங்கே குவிகிறார்கள். படம் எடுத்து முடித்ததும் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்ட நிறைவோடு உள்ளே திரும்புகிறார்கள். பக்கத்திலேயே புராணா கிலா, கைவினை அருங்காட்சியகம், உயிரியல் பூங்கா. எதிரே உச்ச நீதிமன்றம் மெட்ரோ. நடக்கும் தூரம்தான். நடப்பவர்கள் சிலர்.

அன்றைய மாநாட்டு விருந்தாளி பத்து இடங்களை இருபது இருபது நிமிடம் பார்த்தார். ஆனால் எல்லாவற்றையும் கூடப் பார்த்த நாற்பது பேரோடு பார்த்தார். அந்த நட்புகளில் பல, கூட்டு ஆய்வாகவும் வேலைவாய்ப்பாகவும் சில சமயம் சம்பந்தமாகவும் வளர்ந்தன. இன்றைய விருந்தாளி விரும்பிய இடத்துக்கு விரும்பியபோது, பாதுகாப்பாக, மலிவாகப் போகலாம். ஆனால் தனியாகப் போகிறார், அரங்கில் யாராவது தேடுவார்களோ என்று கைபேசியைப் பார்த்தபடி. வேலிகளுக்குக் காரணம் உண்டு. அவற்றை எடுக்கச் சொல்ல முடியாது. சோதனைக் கதவுகளும் போகப்போவதில்லை. மாநாட்டுக்காரர்களால் மாற்றக்கூடியது ஒன்றே ஒன்று, நிகழ்ச்சி நிரல்.

பேருந்து அமர்த்துவது செலவு என்று அமைப்பாளர்கள் சொன்ன காலம் போய்விட்டது. பேருந்தே வேண்டாம், மெட்ரோ இருக்கிறது, ஒரு கூட்டத்துக்கு ஒரு இடம் போதும். ஒரு கும்பல் குதுப்புக்கு, ஒரு கும்பல் ஹுமாயூனுக்கு, ஒரு கும்பல் சாந்தினி சவுக்குக்கு என்று பிரிந்து போய், இரவுச் சாப்பாட்டில் கூடிப் பேசினால் ஊரும் கிடைக்கும், உறவும் கிடைக்கும். அதற்குத் தேவை அழைப்பிதழில் பழைய அந்த ஒரு வரி. இரண்டு நாள் மாநாடு என்றாலும் அரை நாளை ஊருக்கு ஒதுக்குங்கள். வாசிக்காமல் விடுபடும் கட்டுரைகளை அச்சில் படித்துக்கொள்கிறோம்.